மேரி யாரை "நீங்க" என்கிறாள்? தமிழ் சப்டைட்டில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய அமெரிக்கத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் நண்பர்களுக்கும், அந்த வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முகமைகளுக்கும், பணம் கொடுக்கும் ஓடிடி நிறுவனங்களுக்கும்,

வணக்கம். இந்த மடல் ஒரே ஒரு தொடரைப் பற்றியது. 'தி மேரி டைலர் மூர் ஷோ' 1970 செப்டம்பர் 19 அன்று சிபிஎஸ் அலைவரிசையில் தொடங்கி, 1977 மார்ச் 19 அன்று முடிந்தது. ஏழு பருவம் (சீசன்), 168 பகுதி (எபிசோடு). முழு நீளத்தில் போட்டால் ஏறக்குறைய 70 மணி நேரம். ஜேம்ஸ் எல். புரூக்ஸ், ஆலன் பர்ன்ஸ் இருவரும் உருவாக்கியது. மின்னியாபொலிஸ் நகரத்தில் டபிள்யூஜேஎம் என்ற சின்னத் தொலைக்காட்சி நிலையம். அதன் செய்திப் பிரிவில் வேலைக்குச் சேரும் 30 வயது மேரி ரிச்சர்ட்ஸ். கல்யாணம் செய்துகொள்ளாமல், ஊரில் தனியாக வீடு எடுத்து, சம்பாதித்து வாழ்கிறாள். கதை அவ்வளவுதான்.

மேரி மேடை போட்டுப் பேசுகிறவள் கிடையாது. அவள் சுதந்திரமானவள் என்பதை அவள் வாயால் சொல்லும் காட்சியும் அரிது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறாள், எதற்குச் சொல்லாமல் விடுகிறாள், யாரை எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆங்கிலம் எல்லோருக்கும் ஒரே 'யூ'வை வைத்துச் சமாளிக்கிறது. தமிழில் வாயைத் திறந்தாலே நீயா நீங்களா என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை யோசிக்காமல் எடுத்தால், திரையில் வேறொரு பெண் வந்து நிற்பாள். அதனால்தான் இவ்வளவு நீள மடல்.

முதல் பகுதியின் நேர்காணல் காட்சியிலிருந்து தொடங்குவோம். இந்தத் தொடருக்கு ஆள் எடுக்கிறீர்கள் என்றால், இந்தக் காட்சியைத்தான் தேர்வுத்தாளாகக் கொடுக்க வேண்டும்.

செய்திப் பிரிவின் தலைவர் லூ கிராண்ட் மேரியிடம் அவள் மதத்தைக் கேட்கிறார். வேலைக்கு வந்தவரிடம் அதைக் கேட்கக் கூடாது, சட்ட விரோதம் என்று மேரி தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். சரி, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார். மேரியின் பதில்: "பிரெஸ்பிட்டேரியன்." அது கிறிஸ்தவத்தில் ஒரு சபை. கல்யாணக் கேள்விக்குப் பதில் சொல்ல மனமில்லாமல், சொல்ல மறுத்த முந்தைய கேள்விக்குப் பதில் சொல்லித் தப்பிக்கிறாள். ஒரே சொல். அரங்கமே சிரிக்கிறது.

தமிழில் எங்கே உடையும்? லூ "உன் மதம் என்ன?" என்று கேட்டால், தமிழ்ப் பார்வையாளர் எதிர்பார்க்கும் பதில் "கிறிஸ்தவம்". பத்து நொடி கழித்து "பிரெஸ்பிட்டேரியன்" என்று வந்தால், அது எந்தக் கேள்விக்கான பதில் என்று பிடிபடுவதற்குள் சிரிப்பு ஓய்ந்திருக்கும். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது எப்படி? "நீங்க எந்தச் சபை?" என்றுதான். ஆகவே லூவின் கேள்வி "நீ எந்தச் சபை?" என்று இருக்கட்டும். பதில் "பிரெஸ்பிட்டேரியன் சபை." காது கேட்பதும் கண் படிப்பதும் ஒத்துப்போகும், சங்கிலியும் அறுபடாது. நகைச்சுவைக்குச் சப்டைட்டில் எழுதுகிறவர் பதிலை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி முந்தைய கேள்வியை எழுத வேண்டும். வரிசையாக எழுதிக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

அதே காட்சியில் அடுத்த கண்ணியும் இருக்கிறது. டைப் அடிக்கத் தெரியுமா என்ற கேள்வியும் கல்யாணக் கேள்வியும் பின்னிக்கொள்கின்றன. ஒருத்தர் கல்யாணம் செய்யாமல் இருப்பதற்கு எத்தனை காரணம் இருந்துவிடப் போகிறது என்று லூ கேட்க, மேரி "65" என்கிறாள். பிறகுதான் தெரிகிறது, அது நிமிடத்துக்கு 65 சொல் என்ற டைப்பிங் வேகம். இங்கே பலர் செய்யக்கூடிய தவறு, விளக்கத்தை முன்கூட்டியே சேர்த்து "நிமிஷத்துக்கு 65 வார்த்தை" என்று ஒரே தட்டில் (ஒரு நேரத்தில் திரையில் நிற்கும் சப்டைட்டிலைத் தட்டு என்கிறோம்) வைத்துவிடுவது. "அறுபத்தஞ்சு." என்ற சொல் தனி சப்டைட்டிலாக, முற்றுப்புள்ளியோடு, தனியாக நிற்க வேண்டும். விளக்கம் அவள் வாயிலிருந்து வரும்போது வரட்டும்.

இனி கல்யாணம். "கல்யாணம் ஆகல" என்பதற்கும் "கல்யாணம் பண்ணிக்கல" என்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். முதலாவது, நடக்க வேண்டியது ஒன்று இன்னும் நடக்காமல் கிடக்கிறது என்கிறது. இரண்டாவது, அவள் எடுத்த முடிவு. மேரி வாயில் எப்போதும் "பண்ணிக்கல" வர வேண்டும். லூ, மேரி குடியிருக்கும் வீட்டிலேயே இருக்கும் ஃபிலிஸ், மேரியின் அம்மா ஆகியோர் வாயில் "ஆகல" வரலாம். அது அவர்கள் பார்வை. தோழி ரோடா தன்னையே கிண்டல் செய்துகொள்ளும்போதும் "எனக்குத்தான் ஆகலையே" என்பதுதான் பொருந்தும். அகராதியைப் பார்த்து "கன்னி" என்றோ, அதைவிட மோசமாக "முதிர்கன்னி" என்றோ எழுதுகிறவர் கையிலிருந்து தயவுசெய்து கோப்பைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

மேரி ஏன் தனியாள் என்ற பின்னணியும் மொழிபெயர்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். படைப்பாளர்கள் முதலில் அவளை விவாகரத்தானவளாகத்தான் எழுத நினைத்தார்கள். சிபிஎஸ் ஒப்பவில்லை. மேரி டைலர் மூர் அதற்கு முன் 'தி டிக் வான் டைக் ஷோ'வில் 1961 முதல் 1966 வரை டிக் வான் டைக்கின் மனைவியாக நடித்தவர்; அவரைத்தான் விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று ஜனங்கள் நினைப்பார்களோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஆகவே மருத்துவப் பயிற்சி முடியட்டும் என்று இரண்டு வருடம் காக்கவைத்துவிட்டுக் கல்யாணப் பேச்சைத் தட்டிக்கழித்த காதலனை விட்டு வந்தவள் என்று மாறியது. முதல் பகுதியின் முடிவில் அந்தக் காதலன் வருகிறான், விடைபெறுகிறான். போகும்போது, ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்லும் சொல்லைச் சொல்கிறான். தமிழிலும் அதே சொல் நம்மிடம் இருக்கிறது: "உன்னைப் பார்த்துக்கோ." மேரி பதில்: "இப்பதான் பார்த்துக்கிட்டேன்." ஒரு மயிரிழை பிசகாமல் தமிழில் உட்காரும் வரி இது. இதை "உடம்பைப் பார்த்துக்கோ" என்றோ "ஜாக்கிரதை" என்றோ போட்டால், அடுத்த வரிக்கு நீங்களே குழி வெட்டிவிட்டீர்கள்.

இப்போது நீயும் நீங்களும். எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் பாத்திரங்களை மேலே ஒரு வரிசை, பக்கத்தில் ஒரு வரிசை என்று கட்டம் போட்டு, யார் யாரை எப்படி அழைப்பது என்று நிரப்புங்கள். ஏழு பருவத்தையும் ஒரே ஆள் எழுதப் போவதில்லை. மூன்று நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கட்டம் இல்லாவிட்டால் இரண்டாம் பருவத்தில் "நீங்க" என்றவள் மூன்றாம் பருவத்தில் "நீ" என்பாள். எங்கள் கட்டம் இது.

லூ மேரியை முதல் காட்சியிலிருந்தே "நீ" என்கிறார். 30 வயதுப் பெண்ணை, வேலை கேட்டு வந்தவளை, எடுத்த எடுப்பில் நீ என்பது முரட்டுத்தனம். அந்த மனிதர் முரடர்தான், இருக்கட்டும். பிற்பாடு அவள் தயாரிப்பாளராக உயர்ந்த பிறகு அதை "நீங்க" என்று உயர்த்தும் ஆசை வரும். வேண்டாம். அந்த "நீ" மாறாமல் இருந்து, அதன் உள்ளே இருக்கும் சூடு மட்டும் மாறுவதுதான் ஏழு வருடக் கதை.

மேரி லூவை "நீங்க" என்கிறாள். மற்றவர்கள் "லூ" என்று பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில் இவள் வருடக்கணக்காக "மிஸ்டர் கிராண்ட்" என்கிறாள். இதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. காதில் கேட்பது அப்படியே திரையில் வர வேண்டும் என்றால் "மிஸ்டர் கிராண்ட்". ஆனால் தமிழ்க் காதுக்கு "மிஸ்டர்" என்பது மரியாதைச் சொல்லாகக் கேட்காது. தெருவில் இடித்துவிட்டுப் போகிறவனை நாயகி "ஹலோ மிஸ்டர்!" என்று நிறுத்தும் தொனிதான் ஒட்டியிருக்கிறது. "கிராண்ட் சார்" என்பது எந்தத் தமிழ் அலுவலகத்திலும் கேட்கும் குரல். எங்களில் பெரும்பாலோர் "கிராண்ட் சார்" பக்கம். மேரி தாங்க முடியாமல் அழுகுரலில் "ஓ, மிஸ்டர் கிராண்ட்!" என்று இழுக்கும் இடங்களில் மட்டும் சப்டைட்டிலே வேண்டாம். அதை எல்லோருக்கும் கேட்கும், எல்லோருக்கும் புரியும்.

ரோடாவும் மேரியும் "நீ". முதல் பகுதியில் ரோடா மேரியின் ஜன்னலை வெளியே நின்று துடைத்துக்கொண்டிருப்பாள். அந்த வீடு தனக்குத்தான் என்று சண்டை. எதிராளி என்றாலும் நியூயார்க் பிராங்க்ஸில் வளர்ந்தவள், "நீங்க" என்றெல்லாம் வராது. நட்பு முற்றிய பிறகு ரோடா "வாடி" என்று ஒன்றிரண்டு இடத்தில் சொல்லலாம். பகுதிக்கு ஒன்றுக்கு மேல் போனால் அது சென்னைக் கல்லூரி விடுதி ஆகிவிடும். ஃபிலிஸும் ரோடாவும் ஒருவரை ஒருவர் வெறுப்பவர்கள். இவர்களுக்குள் "நீங்க" வையுங்கள். பகையை மரியாதையில் காட்டத் தமிழைப் போல வசதியான மொழி இல்லை.

அலுவலகத்தில் செய்தி எழுதும் மரேயும் மேரியும் நீ-நீ. போகிற போக்கில் ஒன்று: அவன் பெயரை "மர்ரி" என்று எழுதாதீர்கள். ஒன்றரை நொடி நிற்கும் வரியில் மேரியும் மர்ரியும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். "மரே" என்று எழுதினால் தொல்லை இல்லை.

செய்தி வாசிப்பவர் டெட் பேக்ஸ்டர் தனிப் பிராணி. ஆங்கிலத்தில் அவருடைய கனத்த குரல்தான் வேலை செய்கிறது. அர்த்தம் புரியாமல் கம்பீரமாக வாசிப்பவர். தமிழில் நமக்கு அதைவிட நல்ல கருவி இருக்கிறது: எழுத்துத் தமிழ். அலுவலகத்தில் மற்ற எல்லோரும் பேச்சுத்தமிழில் பேசட்டும். டெட் மட்டும் காபி கேட்கும்போதும் செய்தி வாசிக்கட்டும். "எனக்கு ஒரு குவளை காபி வழங்கப்படுமா?" என்ற ஒரு வரியில் டெட் முழுசாக வந்துவிடுவார். பயந்துபோனாலோ பணம் போய்விட்டாலோ அவர் வாயிலும் பேச்சுத்தமிழ் வர வேண்டும். அப்போதுதான் முகமூடி கழன்றது தெரியும். ஒவ்வொரு நாளும் அவர் விடைபெறும் வரியில் இரவுக்கும் செய்திக்கும் ஒரே அடைமொழி வரும். "நல்லிரவு, நற்செய்தி" என்று எழுதக் கை துடிக்கும். நற்செய்தி என்றால் தமிழில் மத்தேயுவும் மாற்குவும் வந்து நிற்பார்கள். "இரவும் நல்லதாகுக, செய்தியும் நல்லதாகுக" என்பது டெட்டின் வாய்க்குப் பொருத்தமான அசட்டுக் கம்பீரம்.

வட்டார வழக்கு வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ரோடாவுக்குச் சென்னைத் தமிழ், மேரிக்கு மயிலாப்பூர்த் தமிழ் என்று பிரிக்கும் யோசனை எல்லாருக்கும் ஒரு நாள் வரும். ஒரு வட்டாரத்தைத் தொட்டால் அதன் சாதியும் தெருவும் கூடவே வரும். மின்னியாபொலிஸ் காணாமல் போகும். ரோடாவுக்கு வெட்டு வெட்டான குறுவாக்கியம், மேரிக்கு "இல்ல, வந்து, அது என்னன்னா" என்று இழுபடும் வாக்கியம். அவ்வளவு வித்தியாசம் போதும்.

தமிழில் 'நீ' இல்லாமலே எழுத வேண்டிய இடமும் உண்டு. 1972 நவம்பரில் வந்த ஒரு பகுதி. மேரியின் அப்பா அவள் வீட்டில் இருக்கிறார். அம்மா வெளியே கிளம்பும்போது மாத்திரை போட மறக்க வேண்டாம் என்று குரல் கொடுக்கிறாள். "மறக்க மாட்டேன்" என்று அப்பாவும் மேரியும் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். மேரி போடுவது கருத்தடை மாத்திரை. கல்யாணம் செய்யாத பெண் என்ன மாத்திரை போடுகிறாள் என்பதை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன இடம். இப்போது தமிழில் எழுதிப் பாருங்கள். "மாத்திரை போட மறந்துடாதீங்க" என்றால் அப்பாவுக்கு மட்டும். "மறந்துடாதே" என்றால் மகளுக்கு மட்டும். இரண்டிலும் காட்சி செத்துப்போகும். "மாத்திரை போட மறக்கக் கூடாது, சரியா?" என்று ஆளைக் காட்டாத வடிவத்தில் எழுதினால்தான் இரண்டு பேரும் பதில் சொல்ல முடியும். வீடியோ இல்லாமல் ஆங்கில வரிகளை மட்டும் அட்டவணையாக அனுப்பி மொழிபெயர்க்கச் சொல்லும் முகமைகளுக்கு இந்த ஒரு காட்சியே பதில். அட்டவணையில் அது ஒரு சாதாரண வாக்கியம். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று படத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

உறவுப் பெயரிலும் கவனம் வேண்டும். ஃபிலிஸின் சின்ன மகள் பெஸ் ரோடாவை 'ஆன்ட் ரோடா' என்பாள். அத்தை என்றால் அப்பாவின் அக்காவோ தங்கையோ, சித்தி என்றால் அம்மாவின் தங்கை. இரண்டும் இல்லாத உறவை இழுத்துவிடும். "ரோடா ஆன்ட்டி" போதும், அப்படித்தான் நம் வீட்டுப் பிள்ளைகளும் சொல்கின்றன. இதை ஏன் பெரிதுபடுத்துகிறோம் என்றால், இந்தத் தொடர் பிழைத்ததே பெஸ் சொல்லும் ஒரு வரியால். முதல் பகுதியைப் பார்வையாளர் முன் நடத்திப் பார்த்தபோது ஒன்றும் எடுபடவில்லை. இனிமையான மேரியைத் திட்டும் ரோடாவை ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. அப்போது ஸ்கிரிப்ட் மேற்பார்வையாளர் மார்ஜ் மல்லன் சொன்ன யோசனை: அந்தக் குழந்தைக்கு ரோடாவைப் பிடிக்கும் என்று காட்டுங்கள், பார்ப்பவர்களுக்கும் பிடித்துவிடும். ஒரு வரி சேர்த்தார்கள். அடுத்த முறை அரங்கம் ரோடா பக்கம் வந்துவிட்டது. அந்த வரியைத் தமிழில் இப்படி வையுங்கள்: "ரோடா ஆன்ட்டி செம ஜாலி. அம்மாவுக்கு அவங்கள ஆகவே ஆகாது!" இரண்டு வாக்கியமும் ஒரே தட்டில், இரண்டு வரியாக வரட்டும். பிள்ளை மூச்சு விடாமல் சொல்வது அது.

ஆனால் லூவின் புகழ்பெற்ற வரியை அப்படிச் சேர்க்கக் கூடாது. நேர்காணலில் மேரியின் குணத்தைப் பாராட்டுவது போல ஒன்று (ஆங்கிலத்தில் 'ஸ்பங்க்') சொல்கிறார். அவள் வெட்கத்தோடு ஏற்றுக்கொள்கிறாள். அப்புறம் அதுதான் தனக்குப் பிடிக்காது என்று வெடிக்கிறார். "துடுக்கு" என்று எழுதினால் முதல் வரியே வசவு, திருப்பம் இல்லை. "துணிச்சல்" கொஞ்சம் பாடப்புத்தகம். "உனக்குத் தில்லு இருக்கு." இடைவெளி. மேரியின் முகம். "தில்லுன்னாலே எனக்கு ஆகாது!" இதற்கு மூன்று தட்டு. முதல் தட்டு போனதும் திரை வெறுமையாக இருக்க வேண்டும்.

வெறுமை என்றதும் நேரக்கணக்கு வருகிறது. இந்தத் தொடர் 35 மி.மீ. பிலிமில், பல கேமராவில், ஆட்களை உட்காரவைத்து எடுத்தது. சிரிப்பு வரும்போது நடிகர் நின்று, அது இறங்கும் தருணத்தில் அடுத்த வரியைப் பிடிப்பார். உங்கள் அடுத்த சப்டைட்டில் சிரிப்பின் நடுவிலேயே வந்து உட்கார்ந்தால், பார்ப்பவர் நடிகருக்கு முன்னால் படித்துவிடுவார். வாய் திறக்கும் அதே பிரேமில் வரி வரட்டும், முன்னால் வேண்டாம். பேச்சு முடிந்து அரை நொடிக்கு மேல் தொங்க வேண்டாம். இரண்டு தட்டுக்கு நடுவே குறைந்தது இரண்டு பிரேம் இடைவெளி. எவ்வளவு சின்ன வரியானாலும் ஒரு நொடி நிற்கட்டும். எவ்வளவு நீளமானாலும் ஏழு நொடியைத் தாண்ட வேண்டாம்.

எழுத்து எண்ணிக்கையில் தமிழுக்கு ஓர் அநியாயம் நடக்கிறது. மென்பொருள் எண்ணுவது யூனிகோடு குறிகளை. "மேரி" என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, மென்பொருளுக்கு நான்கு; உயிர்க்குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. "கிராண்ட் சார்" நமக்கு ஆறு எழுத்து, அதற்கு இடைவெளியோடு 13. ஆங்கிலத்துக்கு வைத்த, நொடிக்கு இத்தனை குறி என்ற வரம்பை அப்படியே தமிழுக்குப் பூட்டினால், நல்ல வாக்கியங்கள் எல்லாம் சிவப்பில் எரியும். எழுதுகிறவர் வேறு வழியில்லாமல் வினைமுற்றை வெட்டுவார். வினைமுற்றில்தானே மரியாதையும் ஆளும் இருக்கிறது? கண்ணால் காணும் எழுத்தை எண்ணுங்கள். நொடிக்கு 10 முதல் 12 எழுத்து வரை வசதியாகப் படிக்க முடிகிறது. நிறுவனங்கள் இந்த ஒரு அமைப்பை மாற்றினாலே பாதிப் புகார் தீரும்.

பிரதியும் முக்கியம். முதல் ஒளிபரப்பில் ஒரு பகுதி ஏறக்குறைய 25 நிமிடம். மறு ஒளிபரப்புக்கு விற்றபோது விளம்பரத்துக்கு இடம் வேண்டி வெட்டிய பிரதிகளும் சுற்றுகின்றன. அவை 22 நிமிடத்துக்குப் பக்கம். முழுப் பிரதிக்கு எழுதிய கோப்பை வெட்டிய பிரதியில் இழுத்துப் பொருத்தப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வெட்டிலும் நேரம் தாவும், ஒவ்வொரு காட்சியாகத்தான் திருத்த வேண்டும். வேகம் வேறு கதை. நொடிக்கு 24 பிரேமில் எடுத்ததை 25 பிரேமில் ஓட்டும் பிரதி என்றால், 25 நிமிடம் 24 ஆகச் சுருங்கும். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகி, முடிவில் ஒரு நிமிடம் தள்ளி நிற்கும் கோப்பு என்றால் நோய் இதுதான். கோப்பு முழுவதையும் 25-க்கு 24 என்ற விகிதத்தில் மாற்றினால் தீர்ந்தது.

தலைப்புப் பாட்டை ஒருமுறை எழுதி 168 பகுதிக்கும் ஒட்டிவிடுவது வழக்கம். இந்தத் தொடரில் அது பிழை. சானி கர்ட்டிஸ் எழுதிப் பாடிய அந்தப் பாட்டு முதல் பருவத்தில் தனியாக எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்கிறது. முடிவில் ஒருவேளை தேறிவிடுவாய் என்கிறது. இரண்டாம் பருவத்திலிருந்து சொற்கள் மாறி, சந்தேகம் போய், நிச்சயம் வருகிறது. "ஒருவேளை" என்ற சொல் முதல் 24 பகுதிகளில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு இருக்கக் கூடாது. நிக்கோலட் அவென்யூவில் அவள் தொப்பியைத் தூக்கி எறியும் அந்தப் பிரேமில் மட்டும், பாட்டு வரி திரையின் மேல் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பி அங்கேதான் இருக்கிறது.

1975 அக்டோபர் 25 அன்று வந்த 'சக்கிள்ஸ் பைட்ஸ் தி டஸ்ட்' பகுதிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். டேவிட் லாயிட் எழுதி, ஜோன் டார்லிங் இயக்கியது. கோமாளி சக்கிள்ஸ் வேர்க்கடலை வேடத்தில் ஊர்வலம் போகும்போது யானை ஒன்று கடலை என்று நினைத்து உடைக்கப் பார்க்கிறது, ஆள் காலி. அலுவலகமே அடக்க முடியாமல் ஜோக் அடிக்கிறது, மேரி எல்லோரையும் திட்டுகிறாள். மற்றவர்களை யானை விட்டுவைத்ததே அதிர்ஷ்டம் என்று லூ சொல்ல, மரே சொல்வது தமிழுக்கென்றே எழுதியது போல இருக்கும்: "ஆமா, கடலை கொறிக்க ஆரம்பிச்சா ஒண்ணோட நிறுத்த முடியுமா?" அந்த வேடத்தின் பெயரில் (ஆங்கிலத்தில் 'பீட்டர் பீனட்') "கடலை" கட்டாயம் இருக்க வேண்டும். ஓசைக்காக "பட்டாணி பீட்டர்" என்று மாற்றினால் யானைக்கு உடைக்க ஓடு இல்லை. "கடலைக்காய் பீட்டர்" போதும்.

பிறகு இரங்கல் கூட்டம். பாதிரியார் சக்கிள்ஸின் வாசகத்தைச் சொல்கிறார். மூன்று துண்டு, ஆங்கிலத்தில் இயைபோடு முடிவது. அர்த்தத்தை மட்டும் பெயர்த்தால் மேரி ஏன் வெடிக்கிறாள் என்று புரியாது. சந்தம்தான் அவளைக் கவிழ்க்கிறது. "கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் ஆட்டம், கால்சட்டைக்குள் சோடா ஓட்டம்" என்பது எங்கள் பதிப்பு. இதைவிட நல்லது கிடைத்தால் போடுங்கள், ஓசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாதிரியாரின் மற்ற பேச்சு முழுவதும் உண்மையான இரங்கல் தமிழாக, "மறைந்த நம் அன்பர்" என்ற நடையில், துளியும் கேலி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நீங்கள் நகைச்சுவை எழுத முயன்றால் மேரிக்கு வேலை இல்லாமல் போகும். அவள் சிரிப்பை இருமலாக மாற்றும்போது "இருமுகிறாள்" என்று போடாதீர்கள். காது கேளாதவர்களுக்கான தனிக் கோப்பில் மட்டும் அது இருக்கட்டும்.

சாப்பாட்டுக் காட்சி ஒன்று. 1973-இல் வந்த 'தி டின்னர் பார்ட்டி'. அதே நிலையத்தில் சமையல் நிகழ்ச்சி நடத்தும் சூ ஆன் சமைத்துக் கொடுத்த கன்றுக்கறி சரியாக ஆறு பேருக்கு அளந்தது; லூ தன் தட்டில் மூன்று பங்கை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். கன்றுக்கறியை ஆங்கிலச் சொல்லாலேயே "வீல்" என்று எழுத வேண்டாம், தமிழில் அது அலறல் அல்லது சக்கரம். "ஆறு பேருக்குத்தான்" என்ற கணக்கு லூ கரண்டியைத் தொடுவதற்கு வெகு முன்பே பார்வையாளர் மனதில் பதிந்திருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று அந்த எண்ணை வெட்டினால் காட்சியில் ஒரு பெரியவர் பசியோடு சாப்பிடுகிறார், அவ்வளவே.

1973 ஜனவரியில் ஃபிலிஸின் தம்பி வரும் பகுதி. அவன் ரோடாவோடு சுற்றுவதைப் பார்த்து ஃபிலிஸுக்கு வயிற்றைக் கலக்குகிறது. தனக்கு அவன் சரிப்பட மாட்டான் என்று ரோடா சொன்னதும் ஃபிலிஸுக்கு ரோஷம் வந்து, தம்பியின் பெருமைகளை அடுக்குகிறாள், கல்யாணம் ஆகவில்லை என்பது வரை. ரோடா சாதாரணமாக, அவன் கே என்கிறாள். ஃபிலிஸுக்கு அப்பாடா என்று இருக்கிறது. "தன்பாலீர்ப்பாளர்" நல்ல சொல், கட்டுரையில் அதைத்தான் எழுத வேண்டும். ஆனால் அரை நொடியில் விழும் அடிக்கு நீளம் தாங்காது. வெறும் "கே" தமிழில் ஒற்றை எழுத்து, தட்டச்சுப் பிழை போலத் தெரியும். "அவன் ஒரு கே" என்று எழுதுங்கள். 1973-இல் அந்தப் பாத்திரத்தை யாரும் இழிவாகப் பேசவில்லை; நம் திரையில் புழங்கும் கேலிச் சொற்களில் எதுவும் இங்கே நுழையக் கூடாது.

பணம். டாலரை ரூபாயாக்க வேண்டாம். நேர்காணலில், செயலாளர் வேலைக்கு ஏற்கனவே ஆள் எடுத்தாகிவிட்டது, இணைத் தயாரிப்பாளர் வேலை இருக்கிறது, வாரத்துக்கு 10 டாலர் குறைவு என்று லூ சொல்வார். 15 டாலர் குறைவாகச் சமாளிக்க முடிந்தால் தயாரிப்பாளராகவே ஆக்கிவிடுவதாகவும் சொல்வார். மேரி, தனக்கு இணைத் தயாரிப்பாளராக இருக்கத்தான் கட்டுப்படியாகும் என்பாள். பதவி ஏற ஏறச் சம்பளம் இறங்கும் இந்தக் கணக்கு புரிய வேண்டுமானால் "தயாரிப்பாளர்" என்ற சொல் சினிமா முதலாளியை நினைவூட்டாமல் இருக்க வேண்டும். முதல் முறை "செய்தித் தயாரிப்பாளர்" என்று எழுதிவிட்டால் பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

1972 செப்டம்பர் 16, மூன்றாம் பருவத்தின் முதல் பகுதி. தனக்கு முன் இதே வேலையில் இருந்த ஆண் வாரத்துக்கு 50 டாலர் கூட வாங்கினான் என்று மேரிக்குத் தெரியவருகிறது. ஏன் என்று கேட்கிறாள். அவனுக்குக் குடும்பம் இருந்தது என்கிறார் லூ. அப்படியானால் மூன்று பிள்ளை உள்ளவனுக்கு இரண்டு பிள்ளை உள்ளவனைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமே என்று மேரி கேட்கும்போது அவரிடம் பதில் இல்லை. இங்கே "குடும்பம்" என்ற சொல்லைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். "பிள்ளைகுட்டி", "பொறுப்பு" என்றெல்லாம் மாற்ற வேண்டாம்.

ஏனென்றால் அது கடைசிப் பகுதியில் திரும்ப வருகிறது. 1977-இல் புது நிர்வாகம் டெட்டைத் தவிர எல்லோரையும் வேலையை விட்டு நீக்குகிறது. மேரி பேசும் கடைசிப் பேச்சில், குடும்பம் என்றால் என்ன, தனிமையைக் குறைத்து அன்பை உணரவைக்கிறவர்கள்தானே, அதைத்தான் நீங்கள் எனக்குச் செய்தீர்கள் என்கிறாள். ஐந்து வருடம் முன்பு அவளிடம் இல்லை என்று சொல்லிச் சம்பளத்தில் கழித்த அதே சொல். அங்கே குடும்பம் என்றும் இங்கே சொந்தபந்தம் என்றும் இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதிவிட்டால் அந்த முடிச்சு அவிழ்ந்துபோகும். மூன்றாம் பருவம் எழுதுகிறவருக்கும் ஏழாம் பருவம் எழுதுகிறவருக்கும் பொதுவான சொற்பட்டியல் ஒன்று வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

லூவின் கடைசி வரியும் அப்படி. அவர் வாயில் வழக்கமாக வராத ஒரு மென்மையான சொல்லைத் திக்கித் திணறிச் சொல்கிறார். "உங்களை எல்லாம் பொக்கிஷமாகப் போற்றுகிறேன்" என்றால் அது பொன்னாடை போர்த்தும் விழா. "நீங்கல்லாம்... எனக்குச் சொத்து." அந்த மூன்று புள்ளியில்தான் லூ இருக்கிறார்.

அதற்கப்புறம் எல்லோரும் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள், பிடியை விடாமல் ஒரே கும்பலாக டிஷ்யூப் பெட்டி இருக்கும் மேசைக்கு நகர்கிறார்கள். 'டிப்பரரி' பாட்டைப் பாடிக்கொண்டே வெளியேறுகிறார்கள். அந்தப் பாட்டுக்குச் சப்டைட்டில் வேண்டாம். மேரி திரும்பிப் பார்த்து விளக்கை அணைக்கும்போதும் திரையில் ஓர் எழுத்தும் வேண்டாம். நடிகர்கள் வந்து அரங்கத்துக்கு வணக்கம் சொல்லி முடித்த பிறகு, தமிழில் எழுதியவரின் பெயரை இரண்டு நொடி போடுங்கள். நிறுவனத்தின் பெயரை அல்ல, எழுதியவரின் பெயரை.

இப்படிக்கு,
சப்டைட்டில் எழுதுவோர் சிலர்